ஓய்வு கொடுத்தேன், தேய்ந்துபோனது

3,87,412. எட்டு மாதங்களாக இந்த எண் என் மனத்தைவிட்டு இறங்க மறுக்கிறது. அக்காவின் ஹார்டு டிஸ்க் பழுதாவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, "என்னவோ மெதுவாக இருக்கிறது, பார்த்துச் சொல்" என்று என்னிடம் கொடுத்தாள். ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் தன் வாழ்நாள் கணக்கைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் அறிக்கை என்பார்கள். அதை எடுத்துப் பார்த்தேன். பழுதான செக்டார்கள், அதாவது தரவைப் பதிக்கும் சிறு கூறுகள், எத்தனை என்ற வரியில் பூஜ்யம் இருந்தது. அது போதும் என்று மூடிவிட்டேன். அதே அறிக்கையில், 193 என்று எண்ணிட்ட வரியில், 3,87,412 என்று இருந்ததை நான் பார்க்கவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான், சேமித்து வைத்திருந்த அறிக்கையைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். டிஸ்க்குக்குள் சுழலும் தகட்டில் பதிவைப் படிக்கும், எழுதும் தலைகள் எத்தனை முறை தங்கள் இருப்பிடத்துக்குப் போய்த் திரும்பின என்பதன் கணக்கு அது. அந்த ரகத்துக்குத் தயாரிப்பாளர் தாங்கும் என்று சொன்ன அளவு 3 லட்சம். டிஸ்க் மின்சாரம் பெற்று இயங்கிய மொத்த நேரம் 3,960 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்குச் சுமார் 98 தடவை. அதாவது இயங்கிய நேரமெல்லாம் 37 விநாடிக்கு ஒரு முறை, நான்கு ஆண்டுகளாக.

அக்கா பேச்சுப் பயிற்சியாளர். பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளோடு வேலை செய்கிறாள். ஒவ்வொரு குழந்தையின் முதல் வகுப்பையும் ஒலிப்பதிவு செய்துவிடுவாள். பிறகு மாதம் ஒன்று. ஒரு குழந்தை அரை ஆண்டுக் காலம் 'ம்' என்ற ஒலியை மட்டும் எழுப்பிக்கொண்டிருக்கும். அந்த 'ம்' எந்த வகுப்பில் 'மா'வாகத் திறந்தது என்பது நினைவில் நிற்காது, பதிவில்தான் நிற்கும். பதினோரு ஆண்டுப் பதிவுகள். முதல் நான்கு ஆண்டுகளுக்கு வேறொரு பிரதி இருந்தது. மற்றவை அனைத்தும் அந்த ஒரே டிஸ்க்கில். பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக் கொடுத்தவன் நான். 'சும்மா இருக்கும்போது எவ்வளவு சீக்கிரம் ஓய்வுக்குப் போகலாம்' என்று கேட்கும் அமைப்பில், இருப்பதிலேயே குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். "வீணாக ஓடினால் தேயும் அக்கா. வேலை இல்லாதபோது ஓய்வெடுக்கட்டும்" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கணினியில் கோப்புகளை ஒத்துப் பார்க்கும் ஒரு நிரல் அரை நிமிடத்துக்கு ஒரு முறை டிஸ்க்கைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. படுப்பதும் எழுவதுமாக அது தன் நாட்களைக் கழித்திருக்கிறது.

ஓடுவது தேய்மானம், நிற்பது ஓய்வு. செருப்பிலும் டயரிலும் சைக்கிள் சங்கிலியிலும் கண்டு வளர்ந்த பாடம் இது. இதில் பிழை இருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. இந்த எட்டு மாதங்களாக அந்தப் பாடத்தோடுதான் மல்லுக்கு நிற்கிறேன்.

அடைப்பானைத் தள்ளிய எண்ணெய்

1883இல் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார்; தக்கையைத் தள்ளிக்கொண்டு வந்தது. மரத்தால் அடைத்தார், அதையும் தள்ளியது. பிறகு அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, அச்சின் மேல் இருந்த மொத்தப் பாரத்தையும் தூக்கி நிறுத்தும் அளவுக்கு எண்ணெயில் அழுத்தம் இருப்பது தெரிந்தது. யாரும் பம்பு வைத்து அந்த அழுத்தத்தை உண்டாக்கவில்லை. சுழலும் அச்சே எண்ணெயைக் குறுகலான இடத்துக்குள் இழுத்துச் சென்று, அதன்மேல் தானே மிதந்துகொண்டிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். ஓடும்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. வேகம் குறையக் குறையப் படலம் மெலிந்து, நிற்கும் தறுவாயில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. மறுபடி கிளம்பும்போதும் அப்படியே. அந்தப் பேரிங் தேய்வது பயணத்தில் அல்ல, புறப்பாட்டிலும் வந்து சேர்வதிலும்தான்.

ஹார்டு டிஸ்க்கின் கதை முழுக்க இதே கதைதான், எண்ணெய்க்குப் பதில் காற்று. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. தகட்டுக்கும் தலைக்கும் இடையே ஒரு கம்ப்ரஸர் காற்றை ஊதி, சுமார் 20 மைக்ரோமீட்டர் இடைவெளியைக் காத்தது. அடுத்த தலைமுறையில் கம்ப்ரஸரைக் கைவிட்டார்கள். சுழலும் தகடு தன்னோடு இழுத்து வரும் காற்றிலேயே தலை மிதக்கும்படி அதன் அடிப்பக்கத்தைச் செதுக்கினார்கள். டவரின் அச்சு செய்ததையே இந்தத் தகடும் செய்தது. தன்னைக் காக்கும் படலத்தைத் தன் ஓட்டத்தாலேயே உண்டாக்கிக்கொண்டது.

இன்றைய டிஸ்க்கில் தலையைச் சுமக்கும் ஸ்லைடர் ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத பீங்கான் துண்டு. அதைத் தாங்கும் மெல்லிய எஃகுக் கரம் இரண்டு, மூன்று கிராம் எடையின் விசையோடு அதைத் தகட்டை நோக்கி அழுத்துகிறது. ஸ்லைடரின் சொந்த எடையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு அது. அத்தனை அழுத்தத்தையும் எதிர்த்து அதை மேலே நிறுத்துவது காற்று மட்டுமே. அந்த இடைவெளி சுமார் 10 நானோமீட்டர். இந்த அளவை மனத்தில் பிடிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். விரல் நகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் வளர்கிறது. முந்தைய வாக்கியத்தையும் இந்த வாக்கியத்தையும் நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் நகம் எவ்வளவு வளர்ந்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவு உயரத்தில் அந்தத் தலை பறக்கிறது. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதாமல் சராசரியாகச் சுமார் 65 நானோமீட்டர் போகும். இடைவெளியோ அதைவிடக் குறைவு. அங்கே இருப்பதைக் காற்றோட்டம் என்று சொல்வதே சிரமம். தனித்தனி மூலக்கூறுகள் இரு சுவர்களுக்கு நடுவே முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. நிமிடத்துக்கு 7,200 சுற்று வேகத்தில் மூன்றரை அங்குல டிஸ்க்கின் தகட்டு விளிம்பு மணிக்கு 129 கிலோமீட்டர் வேகத்தில் கீழே ஓடுகிறது. மலை உச்சிகளில் காற்று மெலிந்தால் தலை தாழ்ந்துவிடும் என்பதால்தான் சாதாரண டிஸ்க்குகளை 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல் இயக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆக, ஓடிக்கொண்டிருக்கும் வரை உராய்வு என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை. நின்றால்?

வழுவழுப்பின் ஆபத்து

1973இல் ஐபிஎம் வெளியிட்ட வின்செஸ்டர் டிஸ்க் முதல் 1990களின் இறுதி வரை பெரும்பாலான டிஸ்க்குகளில் பதில் எளிமையானது: நின்றால் தலை தகட்டின் மேலேயே இறங்கும். வேகம் குறையும்போது சிறிது தூரம் தேய்த்துக்கொண்டே போய் நிற்கும். மறுபடி கிளம்பும்போது சிறிது தூரம் தேய்த்துக்கொண்டே எழும். இதற்காகப் பிற்காலத் தகடுகளின் மேல் வைரத்தை ஒத்த கடினமான கார்பன் பூச்சும், அதன்மேல் ஒரு மசகுப் படலமும் இருக்கும். இன்று அந்தக் கார்பன் பூச்சு இரண்டு, மூன்று நானோமீட்டர். மசகு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மூலக்கூறு ஒன்றின் தடிப்புக்கு நெருங்கிய படலத்தை எண்ணெய் என்று அழைக்க எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அது எண்ணெயின் வேலையைத்தான் செய்கிறது. மூலக்கூறுகளில் ஒரு பகுதி கார்பனோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. மற்றொரு பகுதி நகரக்கூடியது. தலை எங்காவது தீண்டிப் படலம் விலகினால், நகரும் பகுதி மெல்ல மெல்லப் பாய்ந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். காயத்தின் மேல் தோல் மூடுவதைப் போன்ற இந்தக் காரியம் நடக்கச் சிறிது நேரம் வேண்டும். இந்த 'சிறிது நேரம்' என்பதைப் பின்னால் மறுபடி சொல்வேன்.

நின்ற தலைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கரடுமுரடான பரப்புதான் உராயும், வழுவழுப்பானது வழுக்கும் என்று நினைக்கிறோம். அதீத வழுவழுப்பில் நேர் எதிராக நடக்கிறது. இரண்டு பளிங்குப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், இடையில் இருக்கும் மசகும் காற்றின் ஈரமும் சேர்ந்து இரண்டையும் ஒட்டிவிடும். ஈரமான இரு கண்ணாடித் துண்டுகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிடி தெரியும். பல மாதம் அணைத்து வைத்திருந்த டிஸ்க்கை இயக்கினால், மோட்டார் முக்கி முனகிவிட்டு நின்றுவிடும். அதற்காகவே தகட்டின் உள்வட்டத்தில் லேசர் கொண்டு நுண்ணிய மேடுகளை உண்டாக்கி, தலை அங்கே மட்டும் இறங்கும்படி செய்தார்கள். தகட்டை மெருகேற்ற ஆயிரம் வழி கண்டவர்கள், அதே தகட்டின் ஓர் ஓரத்தைக் கவனமாகக் கெடுத்தார்கள். இந்தத் துறையில் என் மனத்தைத் தொட்ட வேலைகளில் ஒன்று அது.

பிறகு ராம்ப் வந்தது. தகட்டின் வெளிவிளிம்பை ஒட்டி ஒரு சிறிய பிளாஸ்டிக் சரிவு. வேலை இல்லாதபோது கரம் வெளியே நகர்ந்து, அதன் முனையில் இருக்கும் சிறு நாக்கு அந்தச் சரிவில் ஏறிக்கொள்ளும். தலை தகட்டைவிட்டு முழுவதுமாக விலகிவிடும். மின்சாரம் திடீரென்று போனாலும் இது நடக்கும். இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் தகடுகளே மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றி, அந்தக் கடைசி மின்சாரத்தில் தலைகளைச் சரிவில் ஏற்றிவிடும். இதை முதன்முதலில் படித்தபோது எழுந்து நடந்துவிட்டு வந்தேன். தன் கடைசி மூச்சைத் தலைகளைக் காப்பாற்றச் செலவிடும் இயந்திரம். ராம்ப் வந்தபின் தலை தகட்டைத் தொடுவதே இல்லை, ஆகவே எத்தனை முறை ஓய்வெடுத்தாலும் நட்டமில்லை என்றுதான் நான் நம்பினேன். அக்காவின் டிஸ்க்கும் ராம்ப் உள்ளதுதான்.

கண்ணாடியில் ஒரு வளையம்

பழுதான டிஸ்க்கை, தரவு மீட்கும் பணியில் முப்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவரிடம் கொடுத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து அழைத்தார். "எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டேன் தம்பி. டிஸ்க்கைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு முறை வந்து பாருங்கள்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. போனேன்.

மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. முதலில் அவர் காட்டியது தகட்டை அல்ல, மூலையில் இருந்த வடிகட்டியை. தகடுகள் சுழலும்போது உள்ளே எழும் காற்று அந்தச் சிறு வெள்ளைப் பஞ்சு வழியாகத்தான் சுற்றிச் சுற்றி வரும். "எந்த டிஸ்க் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இது வெள்ளையாக இருந்தால் நம்பிக்கை உண்டு" என்றார். அது சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு பக்கம் கருமை.

பிறகு மேல் தகட்டை விளிம்பில் பிடித்து எடுத்தார். சிறிய டிஸ்க்குகளில் தகடு கண்ணாடியால் ஆனது. இரு பக்கமும் உலோகப் படலங்கள் பூசியிருப்பதால் முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும். அவர் அதை ஓர் அச்சடித்த தாளின் மேல் பிடித்தார். வெளிவிளிம்பிலிருந்து சிறிது உள்ளே தள்ளி, ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வளையம். அந்த வளையத்தின் வழியாகத் தாளில் இருந்த எழுத்துகளைப் படிக்க முடிந்தது. நான் குனிந்து படித்தேன். ஒரு சொல்லின் நடுப்பகுதி, அதற்கு அடுத்த வரியில் ஒரு முற்றுப்புள்ளி. இரு பக்கமும் ஒரே இடத்தில் பூச்சு முழுவதும் சுரண்டப்பட்டு, வெறும் கண்ணாடி மட்டும் எஞ்சியிருந்தது. அந்த வளையத்தில் ஒருகாலத்தில் பதிவுகள் இருந்தன. எந்தக் குழந்தையுடையவை என்று தெரியாது. அவை மொத்தமும் பொடியாகி, சற்று முன் பார்த்த பஞ்சில் கருமையாக ஒட்டியிருந்தன. என்னால் தகட்டைப் பார்க்க முடியவில்லை. பஞ்சைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அவர் இடுக்கியால் ராம்ப்பை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். "இதற்காகத்தான் வரச் சொன்னேன்" என்றார். நான்கு தலைகளுக்கு நான்கு தடங்கள். கிணற்று விளிம்பில் கயிறு அறுத்த பள்ளம் போல ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. மேலே இருந்த இரண்டில் பள்ளம் ஆழமாக இருந்தது. அதன் ஓரத்தில் மாவு போன்ற வெண்பொடி ஒட்டியிருந்தது. எஃகு நாக்கு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் பிளாஸ்டிக்கைத் துளித் துளியாக இழைத்திருக்கிறது. அந்தத் துகள்கள் தகட்டின் விளிம்பில்தான் விழும். தலை சரிவிலிருந்து இறங்கித் தகட்டின் மேல் பறக்கத் தொடங்குவதும் அதே விளிம்பில்தான். இறங்கும் கணத்தில் ஸ்லைடர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். காற்றுப் படலம் உருவாகி அதை நிமிர்த்துவதற்குள் அதன் மூலை தகட்டைத் தீண்டிவிடலாம். ஒரு முறை தீண்டினால் மசகு மூடிக்கொள்ளும். 37 விநாடிக்கு ஒரு முறை அதே பட்டையில் தீண்டினால் மூட நேரம் ஏது?

"சார், இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். வேறு பதில் வராதா என்ற ஆசையில்தான் கேட்டேன்.

"சத்தியம் செய்ய மாட்டேன் தம்பி. கீழே விழுந்திருக்கலாம், தூசி இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் அறிக்கையில் இருக்கும் எண்ணையும் இந்தப் பள்ளத்தையும் சேர்த்துப் பாருங்கள்" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "ஓடித் தேய்ந்ததில்லை. இறங்கி இறங்கித் தேய்ந்தது" என்றார்.

ஓடிக்கொண்டே இருந்த மற்றொன்று

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், என் அறையில் இருந்த பழைய டிஸ்க்கின் அறிக்கையை எடுத்ததுதான். மூன்றரை அங்குல டிஸ்க். ஒரு பழைய கணினியில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பது. 71,000 மணி நேரத்துக்கு மேல், அதாவது எட்டு ஆண்டுகள். இத்தனை ஆண்டுகளில் அது நின்று கிளம்பியது 96 தடவை. பழுதான செக்டார் ஒன்றுகூட இல்லை. அதைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு குற்ற உணர்வு இருந்தது: இதற்கு ஓய்வே கொடுக்கவில்லையே, கசக்கிப் பிழிகிறேனே என்று. நான் அக்கறையோடு பார்த்துக்கொண்டது செத்துப்போனது. கவனிக்காமல் விட்டது உயிரோடு இருக்கிறது.

அதன் அச்சில் தகடுகளைத் தாங்கும் பேரிங்கும் டவரின் பேரிங்தான். 2000ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை அங்கே எஃகுக் குண்டுகள் இருந்தன. பழைய டிஸ்க்குகளின் கீச்சென்ற ஓசை அவற்றுடையது. பிறகு திரவ பேரிங் வந்தது. அச்சைச் சுற்றி அம்புமுனை வடிவில் நுண்ணிய பள்ளங்கள். சுழலும்போது அவை எண்ணெயை நடுவுக்கு இழுத்து அழுத்தத்தை எழுப்ப, உலோகம் உலோகத்தைத் தொடாமல் சுழல்கிறது. அந்த 71,000 மணி நேரத்தில் அச்சும் அதன் உறையும் உண்மையில் தொட்டுக்கொண்டது அந்த 96 தருணங்களை ஒட்டிய சில விநாடிகள் மட்டுமே. (கரம் அசையும் இடத்தில் மட்டும் இன்னும் குண்டு பேரிங்தான். அது முழுச் சுற்றுச் சுற்றாமல் சிறு கோணத்தில் ஆடிக்கொண்டே இருப்பதால் கிரீஸ் ஒதுங்கி அரிக்கும் ஆபத்து உண்டு. அது தனிக் கதை.)

இரண்டே இரண்டு டிஸ்க்குகளை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுதக் கூடாது என்பது எனக்குத் தெரியும். 2007இல் ஒரே மாநாட்டில் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. கூகுள் நிறுவனத்தார் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து எழுதியது ஒன்று. கடுமையாக உழைக்கும் டிஸ்க்குகள் அதிகம் சாகும் என்று எல்லோரும் எதிர்பார்த்த தொடர்பு, மிகப் புதிய டிஸ்க்குகளிலும் மிக வயதானவற்றிலும் மட்டுமே தெளிவாகத் தெரிந்தது. நடு வயதில் மங்கிப் போனது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவருடையது மற்றொன்று. தேய்மானம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகே தொடங்கும் என்ற நம்பிக்கைக்கு மாறாக, டிஸ்க்கை மாற்ற வேண்டிய தேவை இளம் வயதிலிருந்தே ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போவதை அவர்கள் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தபோது, உழைப்பு கொல்கிறது என்றோ ஓய்வு காக்கிறது என்றோ என்னால் அடித்துச் சொல்ல முடியாமல் போனது.

அப்படியானால் நிறுத்தவே கூடாது என்று முடிவு கட்டியிருந்தேன். சில வாரங்கள் அதே நினைப்பில் நிம்மதியாகவும் இருந்தேன். அதையும் கலைத்தது, இப்போதைய தலைகள் வேலை செய்யும் விதம். கடந்த இருபது ஆண்டுகளாக வரும் டிஸ்க்குகளில் தலைக்குள்ளேயே ஒரு நுண்ணிய சூடேற்றி இருக்கிறது. படிக்கவோ எழுதவோ வேண்டிய நேரத்தில் அது இயங்கும். வெப்பத்தில் தலையின் நுனி புடைத்து, தகட்டுக்கு மேல் ஒன்றிரண்டு நானோமீட்டர் வரை தாழும். வேலை முடிந்ததும் சூடு தணிந்து பின்வாங்கும். நகம் ஒரு விநாடியில் வளரும் அளவுதான் இடைவெளி; உரசல் நேர்ந்தாலும் வியப்பில்லை. அதாவது இன்றைய டிஸ்க்கில் தகடு சும்மா சுழல்வது ஒன்று, படிப்பதும் எழுதுவதும் வேறொன்று. தயாரிப்பாளர்கள் தங்கள் டிஸ்க்குகளுக்கு ஆண்டுக்கு இத்தனை டெராபைட் என்று வேலை வரம்பு குறிப்பது இந்தக் காலத்து வழக்கம். மேசைக் கணினி ரகத்துக்கு 55, சர்வர்களுக்கான உயர் ரகத்துக்கு 550 என்று எழுதியிருப்பார்கள். எழுதுவதைப் போலவே படிப்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்திருப்பதைப் பார்த்து முதலில் புரியாமல் விழித்தேன். படிப்பதால் என்ன தேயும்? படிக்கவும் தலை தாழ்ந்துதான் வர வேண்டும், அந்த நேரத்தில்தான் தேயும்.

இப்போது வெப்பத்தின் துணையோடு பதியும் டிஸ்க்குகளும் சந்தைக்கு வந்துவிட்டன. லேசர் கொண்டு தகட்டின் ஒரு புள்ளியை ஒரு கணம் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி எழுதுகிறார்கள். ஒரு மூலக்கூறுப் படலமாக இருக்கும் அந்த மசகு, ஆவியாகாமல் அந்தச் சூட்டைத் தாங்கி, அடுத்த சுற்று வருவதற்குள் தன் இடத்தை மீண்டும் மூடிக்கொள்ள வேண்டும். அந்த மசகை வடிவமைப்பவர்களின் வேலையை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. முழு டிஸ்க்கின் ஆயுளும், அதில் இருக்கும் யாரோ ஒருவரின் குரலும், கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதில் தொங்குகிறது.

அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அமைப்பை மாற்றியது நான்தான் என்பதையும் சொன்னேன். "அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விடு" என்றாள். அவள் விட்டுவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். மேல் தகடு போய்விட்டாலும் கீழ்த் தகட்டின் இரு பக்கங்களையும் அவர் மாற்றுத் தலைகள் வைத்துப் படித்துவிட்டார். டிஸ்க் ஒரு நீண்ட கோப்பை ஒரே பரப்பில் எழுதுவதில்லை. சிறிது தூரம் ஒரு பக்கம், பிறகு அடுத்த பக்கம் என்று மாறி மாறி எழுதும். அதனால் சிறிய பதிவுகளில் பல முழுதாகத் தப்பின. நீண்டவை ஓட்டைகளோடு வந்தன. ஒரு குழந்தை ஒரு சொல்லைத் தொடங்கும், பிறகு மௌனம், பிறகு நாற்காலி நகரும் ஓசை.

புதிதாக இரண்டு டிஸ்க்குகளில் எல்லாவற்றையும் பிரதி எடுத்தோம். அந்த ஓய்வு அமைப்பை முழுவதுமாக நீக்கினேன். தட்டி எழுப்பும் நிரலையும் நிறுத்தினேன். முதல் நாள் இரவு வேலை முடிந்ததும் அக்கா என்னைப் பார்த்தாள். "இதை இப்போது அணைக்கலாமா, கூடாதா?" என்றாள்.

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நாளைக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 365. பத்து ஆண்டுகளானாலும் நாலாயிரத்தைத் தொடாது. வரம்பு 3 லட்சம். "அணைக்கலாம் அக்கா. இரவு ஒரு முறை அணைத்து, காலையில் ஒரு முறை போட்டால் போதும். நடுவில் தூங்க விட வேண்டாம். அலமாரியில் வைக்கும் மற்றதை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து ஓட்டிப் பார்த்துவிடலாம்" என்றேன்.

அவள் அந்த எண்களைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அணைப்பதற்கு முன் புதிய டிஸ்க்கிலிருந்து ஒரு பதிவை ஓடவிட்டாள். ஐந்து நிமிடப் பதிவு, ஓட்டை இல்லாதது. 'ம்', 'ம்' என்று வந்துகொண்டிருந்தது. மூன்றாவது நிமிடத்தில் வாய் திறந்தது.